ஓட்டை போட்ட மூடி

பூமியில் ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்ட ஒருவர், இரும்பில் நாலே நாலு ஓட்டை போடக் கற்றுக்கொள்ளக் கோயம்புத்தூர் வந்தார்.

பேர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மீசை முளைத்தபோது ஏறியவர், மீசை நரைத்த பிறகுதான் இறங்கினார். ராஜஸ்தான் மணல், ஒடிசா பாறை, எதையும் விட்டு வைத்ததில்லை. தண்ணீர் வராமல் நிலத்துக்காரர் முகம் தொங்கிப்போகும் நேரத்தில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"இன்னும் ஒரு பைப்பு எறக்கிப் பாக்கலாமுங்க."

பல காடு தோட்டங்களில் அந்த ஒரு பைப்பில் தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. அதனால் குலசாமிக்கு அடுத்தபடி அவர் நம்பியது அந்த வாக்கியத்தைத்தான்.

குருவின் பேர் துளசிமணி. கோவையின் கணபதிப் பகுதியில் எஞ்சின் போரிங் பட்டறை வைத்திருந்தாள். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. எஞ்சினின் உடம்பான இரும்புப் பிளாக்கில் பிஸ்டன் ஏறி இறங்கும் துளைகளைக் கடைவதும் இழைப்பதும் அவள் வேலை. அவள் கை பட்ட எஞ்சின் பந்தயத்தில் பாதி வழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். யார் குரலையும் அப்படியே எடுத்துப் பேசுவாள். போன் அடித்தால் மூக்கில் ஒரு பெண் குரல் வரும்: "துளசி போரிங் ஒர்க்ஸ். முதலாளி மீட்டிங்ல இருக்காங்க. லைன்லயே இருங்க." பிறகு போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு சொந்தக் குரலில், "சொல்லுங்ணா" என்பாள். பட்டறையில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

வயதில் மூத்த சிஷ்யர் குருவை 'அம்மிணி' என்றார். குரு சிஷ்யரை 'அண்ணா' என்றாள். அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு அதுவே தாராளம்.

வந்த அன்று அவர் ஒரு சின்ன வேனில் உடைந்த பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"என்ற புள்ள மிருதுளா ஓட்டற பந்தயக் காரோடதுங்க அம்மிணி. வெடிச்சுப் போச்சு."

துளசிமணி சின்னச் சுத்தியால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். நல்ல பிளாக் என்றால் கோயில் மணி போல இழுத்துப் பேசும். இது 'தொப்' என்றது. அவளும் வாயால் 'தொப்' என்றாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"எத்தன வாட்டி கடைய வெச்சீங்க?"

"மூணு வாட்டிங்க. ஒவ்வொரு வாட்டியும் வேகம் ஏறுச்சு. அதான் இன்னும் ஒரு பைப்பு எறக்கிப் பாக்கலாம்னு..."

அவள் துளைக்குள் விரலை விட்டு விரிசலைத் தடவினாள். சுவர் அப்பளம்போல் இருந்தது.

"நாலாவது வாட்டி எங்க கடையறதா இருந்தீங்க? பிளாக்குக்கு வெளியிலயா?"

அர்த்தநாரி சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். போன பந்தயத்தின் இரண்டாவது வளைவில் மூன்று கார்கள் மகள் மிருதுளாவை இடமும் வலமும் நெருக்கின. தப்பிக்க அவள் கியரைக் குறைத்து ஒரே மிதியாக மிதித்தாள். உள்ளே சுவர் பிளந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்து வெள்ளைப் புகை. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க அவள் புல்தரையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை வண்டி நடுவழியில் நின்றால் அந்த சீட்டில் வேறு ஆள் உட்காரும் என்று அணி முதலாளி சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது தை மாதப் பந்தயம் ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் அம்மிணி. மொத வளைவு வர்றதுக்குள்ள என்ற புள்ள எல்லாத்தையும் தாண்டிப் போயிரோணும். ஒருத்தனும் அவ பக்கத்துல வரப்படாது. அதுக்கு எத்தன பெருசா கடையோணுமோ அத்தன பெருசா கடையோணும்."

"வேற பிளாக் எடுத்துக் கடைஞ்சு தர்றேன். வெச்சுட்டுப் போங்ணா."

"உங்க கையால வேண்டாமுங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே கடையறேன்."

"ஏன்?"

"மறுக்கா ஒடைஞ்சா என்ற கை ஒடைச்சதா இருக்கட்டும். அவ யாரையும் வைய வேண்டியதில்ல."

துளசிமணி அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். அர்த்தநாரி போய் அதை எடுத்துக்கொண்டார். இப்படியாக அவர் சிஷ்யர் ஆனார்.

இரும்புத்தூள் கூட்டினார். பழைய பிளாக்குகளில் கடைந்து பழகினார். துளசிமணி பக்கத்தில் நின்று வெட்டும் உளியின் சத்தத்தை வாயாலேயே சொல்லிக் கொடுத்தாள். 'சர்ர்ர்' என்று ஒரே சீராக வந்தால் சரி. 'கிரீச்' என்றால் அவசரம். 'கட கட' என்றால் சிஷ்யர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் சிஷ்யர் கேட்டார்.

"அம்மிணி, புது எஞ்சினுக்கு எந்தப் பிளாக்கை எடுக்கட்டும்?"

தகரக் கொட்டகையில் மூன்று கிடந்தன. ஒன்று உடைந்ததைப் போலவே சின்னத் துளை இரும்பு. இரண்டாவது பளபளவென்று அலுமினியம். மூன்றாவது அதே எஞ்சின் குடும்பத்தில் பெரிய வண்டிக்காக வார்த்த பெரிய துளை இரும்பு. மிருதுளாவின் காரிலும் பொருந்தும். அதன் துளை பிறப்பிலேயே பெரிது. சுற்றிலும் சுவரும் தடிமன்.

துளசிமணி பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. மனைவியின் தம்பி கிட்டுசாமி. கிட்டுசாமியின் பையனும் அதே பந்தயத்தில் ஓட்டுகிறவன். அர்த்தநாரியின் கையெல்லாம் ஆயில், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், அலுமினியம் போடுங்க. இந்தக் காலத்துல இரும்பு யாரு போடறா? ஆட்டுக்கல்லுக்கு டயர் மாட்டி ஓட்டற மாதிரி இருக்கும்."

துளசிமணி சட்டென்று முன்னால் குனிந்தாள். அர்த்தநாரியின் குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "இரு மாப்ள, இன்னும் ஒரு பைப்பு எறக்கிப் பாக்கலாம்."

"எதுக்குங்க மச்சான் பைப்பு? நான் எஞ்சினைப் பத்திப் பேசறேன்."

"எஞ்சினுக்குள்ளதான் எறக்கறேன். தண்ணி வந்தா உனக்கும் ஒரு கொடம் தர்றேன்."

அர்த்தநாரியால் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது. அப்புறம்தான் கிட்டுசாமிக்கு உறைத்தது. "அந்தப் பட்டறைக்காரப் புள்ளயா? வயசான மனுசன்கிட்ட வெளையாடறதுக்கு ஒரு அளவில்ல?" என்று வைத்துவிட்டார்.

"எந்தப் பிளாக்குன்னு கேட்டீங்கல்ல" என்றாள் குரு. "தூக்கிப் பாருங்ணா."

அலுமினியத்தை அவர் ஒற்றை ஆளாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சின்ன இரும்பை முக்கி முனகி முழங்கால் வரைக்கும் கொண்டுவந்தார். பெரிய இரும்பு தரையை விட்டு அசையவில்லை.

அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"இதுதானுங்க அம்மிணி."

"தூக்கவே முடியலியே."

"எங்க ரிக்குல லேசான சாமான் எதுவும் ரெண்டாவது ஊரைப் பாத்ததில்லீங்க."

குரு தலையாட்டினாள். அவளுக்குப் பிடித்த பதில்களுக்கு மட்டும் அப்படித் தலையாட்டுவாள். வருசத்துக்கு ஒன்றிரண்டு இருக்கும்.

சிஷ்யர் அந்தத் தடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். கண்ணில் பழைய ரிக் வெளிச்சம் வந்தது.

"இத்தன சதை இருக்குதே. இதை இன்னும் நல்லாக் கடையலாமுங்களே."

"செவுரு தடிமனா இருக்குதுன்னுதானே இதை எடுத்தீங்க?"

"ஆமாமுங்க."

"இப்ப அந்தச் செவுத்தைத்தான் சொரண்டப் போறீங்க?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் சொரண்டலாமுங்க."

அவள் சுண்ணாம்புக் கட்டியால் பிளாக்கின் மேல் ஓர் அளவு எழுதினாள். "இது வரைக்கும் கடையுங்க. அதுக்கு மேல ஒரு முடியளவு மிச்சம் வெச்சிருங்க. தொடப்படாது."

"மிச்சம் எதுக்குங்க?"

"வீட்டுல சோறு ஆக்கறப்போ ஒரு பிடி அரிசி சேத்துப் போடறதில்லீங்களா?"

"அது ஒரம்பரை, விருந்தாளின்னு வந்தா வேணுமுன்னு."

"அதுக்குத்தான்."

"இரும்புக்கு ஏதுங்க அம்மிணி ஒரம்பரை?"

"வரும்ணா."

சுண்ணாம்புக் கட்டியை மிசின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அர்த்தநாரி கடைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று துளைகள் சுண்ணாம்பு அளவுக்குச் சரியாக நின்றன. நாலாவதைக் கடையும்போது குரு டீ வாங்கப் போயிருந்தாள். அளவு வந்துவிட்டது. மிசினை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் உளி 'சர்ர்ர்' என்று அத்தனை சுகமாக ஓடியது. சுவரில் இன்னும் எவ்வளவோ இரும்பு. இரண்டாவது வளைவில் மூன்று கார்கள். புல்தரையில் ஹெல்மெட்டோடு மிருதுளா. ஒரு முடியளவு கூடுதலாக எடுத்தால் ஒரு முடியளவு முன்னால் போவாளே. அவர் கை தானாக மிசினின் கைப்பிடியைத் திருகப் போனது.

'தொப்.'

அர்த்தநாரி மிசினை நிறுத்தினார். துளையைப் பார்த்தார். தடவினார். ஒரு விரிசலும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் துளசிமணி, இரண்டு கையிலும் டீ, வாயைக் குவித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறிப் போயிரும்ணா. குடிங்க."

அந்த நாட்களில் மிருதுளா காலையில் பந்தயத் தளத்தில் பழைய எஞ்சின் ஒன்றைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். தளத்தில் யாருமே இல்லாத முதல் மணி நேரத்தை அப்பாதான் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் அவள் பட்டறைக்கு வந்து, கால்மேல் கால் போட்டு டயரில் உட்கார்ந்தாள். அர்த்தநாரி பெருமையாகச் சொன்னார்.

"பத்துச் சுத்து ஓட்டினாள்னா பத்தும் ஒரே நேரமுங்க அம்மிணி. இம்மி பிசகறதில்ல. கோடு போட்ட மாதிரி ஓட்டறா."

"நாய்கூட குறுக்க வராத ரோட்டுல வேற எப்படிப்பா ஓட்டறது?" என்றாள் மிருதுளா. "அக்கா, எங்கப்பா விட்டா பந்தயத்தன்னிக்கும் மத்த வண்டிக்கெல்லாம் லீவு விட்டிருவாரு."

"கேட்டுப் பாக்கலாம்" என்றார் அர்த்தநாரி, விளையாட்டில்லாமல்.

துளசிமணி மகளையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். எண்ணெய்த் துணியை உதறினாள்.

கடைந்த துளைகளை அர்த்தநாரி இழைத்து வழவழப்பாக்கினார். பிறகு அளவுமானியை ஒவ்வொரு துளைக்குள்ளும் இறக்கிச் சுற்றிப் பார்த்தார். துளை எங்காவது கோணலாக இருந்தால் அதன் முள் ஆடும். மேலே, நடுவில், கீழே, எங்கேயும் முள் தூங்கியது. பரீட்சைப் பேப்பரைத் தூக்கிக் காட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் குருவைக் கூப்பிட்டார்.

"வட்டமா இருக்குதாண்ணா?"

"நெலாவுல கோணல் இருக்கும். இதுல இருக்காதுங்க."

"சரி. காலைல வாங்க."

காலையில் வந்தவர் பிளாக்கைப் பார்த்து நின்றுவிட்டார். அதன் தலைமேல் கனத்த இரும்புத் தட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. துளைகள் இருக்கும் இடத்தில் தட்டிலும் நாலு பெரிய ஓட்டைகள். சுற்றிலும் போல்ட் போட்டு நெரித்து முறுக்கியிருந்தது.

"இதென்னங்க அம்மிணி?"

"மூடி."

"எதுக்குங்க?"

"தூசி விழாம இருக்கத்தான்."

"மூடியிலயே நாலு ஓட்டை இருக்குதே. தூசி வழி தெரியாம நிக்குமுங்களா?"

"அளந்து பாருங்ணா."

ஓட்டை வழியாக அளவுமானியை இறக்கினார். சுற்றினார். முள் எழுந்து உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் திருப்பினார். ஆடியது. அடுத்த துளையில் அதைவிட ஆடியது. அளவுமானியைத் தட்டினார். வேறொன்றை எடுத்து வந்தார். அதுவும் அதையே சொன்னது. துளைகள் நாலும் போல்ட் இருந்த பக்கங்களில் உள்ளே வாங்கியிருந்தன.

"நேத்து வட்டமா இருந்துச்சுங்களே. நீங்க என்னமோ பண்ணிப் போட்டீங்க."

"மூடியை வெச்சு முறுக்கினேன். அத்தன தான்."

அவர் ஸ்பானரை எடுத்தார். விறுவிறுவென்று போல்ட்டுகளைக் கழட்டினார். தட்டைத் தூக்கிக் கீழே போட்டார். மறுபடி அளந்தார். முள் தூங்கியது.

"பாருங்க" என்றார். "வட்டம். நான் சரியாத்தான் கடைஞ்சிருக்கேன். நெரிச்சுப் புடிச்சா எதுதான் கோணாது?"

துளசிமணி கீழே கிடந்த தட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, இந்தப் பிளாக்கோட தலையில எஞ்சின் ஹெட்டை வெச்சு இதே மாதிரி போல்ட் போட்டு முறுக்குவோம்ல?"

"ஆமாமுங்க. மேல்மூடி இல்லைன்னா எஞ்சின் எப்படி ஓடும்?"

"உங்க பாப்பா ஓட்டறப்போ அதைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டுவாளா?"

அர்த்தநாரி வெளியே போய் எதிர்க்கடையில் டீ வாங்கினார். கடைக்காரர் மேடைமேல் வைத்த பேப்பர் கப்பின் வாய் அழகான வட்டமாக இருந்தது. அவர் கையில் எடுத்தார். அது நீள்வட்டமாக நசுங்கியது. மேடையில் வைத்தார். வட்டம். எடுத்தார். நசுங்கல். கடைக்காரர், "சூடு பத்தலீங்களா?" என்றார். அர்த்தநாரி டீயைக் குடிக்காமலே திரும்பி வந்தார்.

வந்தவர் தட்டைத் தூக்கிப் பிளாக்கின் மேல் வைத்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, ஹெட்டுக்கு முறுக்கும் அதே பலத்தில் முறுக்கினார். நெரிபட்டுக் கிடந்த துளைக்குள் இழைக்கும் கல்லை இறக்கினார்.

"இழைக்கறதுக்கு இரும்பு வேணுமேண்ணா" என்றாள் குரு.

"இருக்குதுங்க" என்றார் சிஷ்யர். "ஒரம்பரைக்குன்னு வெச்சது."

பொழுது சாயும்வரை இழைத்தார். நெரிபட்ட நிலையிலேயே துளைகள் வட்டத்துக்கு வந்தன. முள் தூங்கியது. முடியளவு மிச்சமும் தீர்ந்திருந்தது.

"இப்பக் கழட்டிப் பாருங்க."

கழட்டி அளந்தார். முள் ஆடியது.

"இப்பக் கோணலா இருக்குதுங்களே அம்மிணி."

"இருந்துட்டுப் போகட்டும். சும்மா கெடக்கறப்போ அதை யாரு பாக்கப் போறா?"

எஞ்சினைப் பூட்டினார்கள். முதல்முறை உயிர் கொடுத்தபோது துளசிமணி கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு வாயாலேயே அதை ஓட்டிக் காட்டினாள். எது எஞ்சின், எது வாய் என்று அர்த்தநாரிக்கே குழப்பமாகிவிட்டது.

மிருதுளா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "மூக்கு கனமா இருக்குதுப்பா. வளைவுல சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. பிடிவாதம். அப்படியே உங்களை மாதிரி."

"தாங்குமா?"

"அதைத் தனியா ஓட்டினா எப்படித் தெரியும்?" என்றாள்.

தை மாதம் வந்தது. பந்தயத்தன்று காலையில் வரிசை போட்டார்கள். மிருதுளாவுக்குக் கிடைத்தது முன்வரிசை அல்ல. நட்டநடு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று. பக்கத்தில் நின்றது கிட்டுசாமியின் பையன்.

அர்த்தநாரிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கம்பித் தடுப்புக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். கிட்டுசாமி தளத்தின் மறுகோடியில், தன் பையனோடு ஒயர்லெஸ்ஸில் பேசும் இடத்தில் இருந்தார். அர்த்தநாரி போனை எடுத்தார். துளசிமணி கம்பியில் சாய்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, மொத வளைவு மட்டுந்தானுங்க. கிட்டுசாமிகிட்டச் சொன்னா அவன் பையனைக் கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொல்லுவான். தாய்மாமன் இல்லீங்களா, தட்ட மாட்டான். ஒரு வளைவு தாண்டிட்டா புள்ள தனியாப் போயிருவா. எஞ்சினும் பொழைச்சுக்கும், சீட்டும் பொழைச்சுக்கும். யாருக்கும் நட்டமில்ல. தப்பில்லீங்களே?"

சொல்லிக்கொண்டே அவர் விரல் போனைத் தட்டிவிட்டது. மணி அடித்தது. கிட்டுசாமி எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மச்சான். கொடி காட்டப் போறாங்க, சீக்கிரம்."

துளசிமணி கடலைத் தோலை ஊதினாள்.

"மூடியைக் கழட்டறீங்களாண்ணா?" என்றாள்.

அர்த்தநாரி போனைக் காதில் வைத்தபடி நின்றார். தளத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அத்தனைக்கும் நடுவில் அவர் கடைந்த எஞ்சினின் கனத்த குரல் அவருக்குத் தனியாகக் கேட்டது. மிருதுளா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அப்பா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்? அலோ?"

"கிட்டு" என்றார் அர்த்தநாரி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உன்ற பையன்கிட்டச் சொல்லு. மாமன் புள்ள, அத்தை புள்ளன்னு ஒண்ணும் பாக்க வேண்டாம். மொத வளைவுலயே நல்லா நெருக்கி ஓட்டச் சொல்லு."

கிட்டுசாமி சிரித்தார்.

"ஏம்மிணி, பந்தயத்தன்னிக்குமா உன் வெளையாட்டு? எங்க மச்சான் வாயில இந்தப் பேச்சு வருமா? போனை அவருகிட்டக் குடு."

அர்த்தநாரி போனைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். போனை அவளிடம் நீட்டினார்.

துளசிமணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். யார் குரலும் இல்லாமல் சொந்தக் குரலில் சொன்னாள்.

"நானில்லீங்க. இப்பப் பேசினது அவரேதான்."